மண்டியிட்ட ரப்பர்

கஸ்பார் ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம் தன் மிளகுத் தோட்டத்தில் நின்று பன்றி விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டபோது, அந்த ரைபிள் உதைத்த உதை அவர் தோளில் விழாமல், அரை மைல் தள்ளி மாதா கோயில் வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த அவருடைய தம்பி மார்ட்டினின் வலது தோளில் போய் விழுந்ததைச் செம்பாறைமேட்டில் ஒன்பது பேர் கண்ணால் பார்த்தார்கள். ஒன்பது பேரும் முதலில் பஜ்ஜித் தட்டைப் பிடித்தார்கள், அப்புறம்தான் மார்ட்டினைப் பிடித்தார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், தோளில் நாவல்பழ நிறத்தில் நீளமாக ஒரு தடம்; ரைபிளின் பின்கட்டை அளவு, பின்கட்டை வளைவு, மேலேயும் கீழேயும் ரப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளின் புள்ளிகள்கூட அச்சு மாறாமல் இருந்தன.

சேதி வீட்டுக்கு வந்தபோது கஸ்பாரின் மனைவி ஜெசிந்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மற்றவர்களைப் போல அவள் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, வாயைப் பொத்தவில்லை, களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்படி அவன் என்ன பண்ணித் தொலைச்சான்?"

ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி முதலில் தோன்றவில்லை. ஜெசிந்தாவுக்குத் தோன்றியது, ஏனென்றால் அவளுக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் முதலில் தோன்றும். பால்காரன் சிரித்தால் பாலைப் பார்ப்பாள், சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தால் எங்கே விருந்து என்று பார்ப்பாள், புருஷன் கேட்காமலே காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எதை உடைத்தார் என்று கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ரைபிள் கஸ்பாருடைய அப்பா காலத்தது. பன்றி விரட்ட என்று அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ், அப்பாவுக்குப் பின் கஸ்பார் பெயருக்கு மாறியது. தேர்தல் வரும்போதெல்லாம் ஊரில் இருக்கிற லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் மலையடிவாரத்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்தபிறகு போய் வாங்கிக்கொள்ள வேண்டும். போகும்போது வெயிலில் துடைத்த வெண்கலம் மாதிரிப் போகிற துப்பாக்கி, வரும்போது ஈரத்தரையில் படுத்துக் கிடந்த நோயாளி மாதிரி வரும். கடைசித் தேர்தலுக்குப் போய்த் திரும்பியபோது பின்கட்டையில் இருந்த ரப்பர் வெடித்து, தொட்டால் பழைய அதிரசம் மாதிரி உதிர்ந்தது. அந்த வருஷம்தான் கஸ்பார் மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து வலது தோளில் தகடு வைத்திருந்தார். ரப்பர் இல்லாத கட்டை ஒருதரம் உதைத்தாலும் தகடு பிய்ந்துவிடும், கை அதோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுடாமல் இருந்தால் பன்றி தின்றது போக மிச்சம்தான் மனுஷனுக்கு. சேலத்துத் துப்பாக்கிக் கடையிலிருந்து வந்த புது ரப்பரோ இரண்டு விரல்கடை தடிமன். அதை வைத்துப் பார்த்தால் கட்டை நீண்டுபோய், மடங்காத கையை வைத்துக்கொண்டு கஸ்பாருக்கு விசை எட்டவில்லை.

அதனால்தான் டயர் கடை இருதயம் வரவழைக்கப்பட்டான். பஸ் டயரிலிருந்து பாட்டி செருப்பு வரை ரப்பர் என்றால் அவன்தான். ஜெசிந்தா முக்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கட்டைய ஒரு நூல் செதுக்கினே, உன் விரல நான் செதுக்குவேன்."

"அக்கா, நான் ரப்பர்காரன். மரத்துக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

பழைய ரப்பரை உளியால் சுரண்டி எடுத்தான். துருப்பிடித்த திருகாணிகளை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினான். தளர்ந்திருந்த ஓட்டைகளில் மூங்கில் சிம்பைப் பசை தடவி அடித்து இறுக்கினான். மெருகு கெடாமல் இருக்கக் கட்டையின் ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டினான். கட்டையை ரப்பர்மேல் நிறுத்திப் பென்சிலால் சுற்றி வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு நெல் அகலம் விட்டு வெட்டி, அந்த நெல் அகலத்தைப் பொறுமையாகச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். வீடு முழுக்கச் சுட்ட ரப்பர் வாடை.

"கொஞ்சம் சோப்பு குடுக்கா."

"எதுக்கு? குளிக்கப் போறியா?"

"திருகாணி குளிக்கணும். சோப்பு தடவாம இறக்கினா ரப்பரக் கிழிச்சிடும்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். அந்தக் கறுப்பு ரப்பரின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் லேசாகக் குழிந்து, கண்ணாடி மாதிரி வழவழத்தது.

"இது எந்த வண்டி டயர்?"

"டயர் இல்லக்கா. நம்ம கோயில்ல பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்துச்சில்ல, அதுல மண்டி போடற பலகைல ஒட்டியிருந்தது. புதுச் சாமியார் அதப் பேத்து எறிஞ்சிட்டு ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டுட்டார். நல்ல ரப்பருக்கா, வெள்ளக்காரன் போட்டது. அறுபது வருஷம் நம்ம ஊரு முட்டி பட்டுப் பட்டுக் குழிஞ்சிருக்கு பாரு. குழிவ வெளிப்பக்கம் வெச்சா தோள்ல கச்சிதமா உக்காரும்."

வேறு ஊராக இருந்தால் யாராவது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள், அல்லது குழிவையாவது தேய்த்துச் சமன் செய்திருப்பார்கள். செம்பாறைமேட்டில் கோயிலிலிருந்து வந்த எதையும் வீணாக்கும் வழக்கமில்லை. எரிந்த மெழுகுவத்தி மிச்சம் தரைக்குப் பூசப்படும், பீடத்துணி கிழிந்தால் பிள்ளைக்கு இடுப்புத்துணி, மணிக்கயிறு நைந்தால் மாட்டுக்கு. ஜெசிந்தாவே உள்ளே போய் சோப்பை எடுத்துவந்து கொடுத்தாள்.

உதை வாங்கிய மார்ட்டின் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். தோளில் மஞ்சள் பற்று, முகத்தில் அசடு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தோட்டத்து எல்லைக்கல்லை மூன்று மிளகுக்கொடி தூரம் நகர்த்தி நட்டது தான்தான் என்றும், அதற்காக மண்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும், ஆனால் சாமியாரிடம் சொன்னதை அண்ணனிடம் சொல்லவில்லை என்றும் சொன்னான்.

"விடுறா," என்றார் கஸ்பார்.

"என்னத்த விடுறது? கல்ல எடுத்து அந்த இடத்துல நட்டுட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் விடலாம்," என்றாள் ஜெசிந்தா.

கஸ்பார் சுடுவது வாரம் ஒருதரம், சனிக்கிழமைச் சாயங்காலம்; அடுத்த சனிக்கிழமை உதை கோயில்பிள்ளை மேல் விழுந்தது. பூசை மணி அடித்துக்கொண்டிருந்த ஆள் கயிற்றோடு தொங்கிப் போனார், மணி ஏழெட்டு தரம் கூடுதலாக அடித்தது, யாரோ செத்துவிட்டார்கள் என்று ஊர் கூடிவிட்டது. கஸ்பாரின் அப்பாவுக்காக ஒப்புக்கொடுத்த பூசைகளில் பதினோரு வருஷமாகப் பெயரை வாசிக்காமல் விழுங்கியது அவர்தான். அதற்கடுத்த சனிக்கிழமை பாட்டுக் குழு ரோசலின் டீச்சர். கஸ்பாருக்கு முதலில் பார்த்த பெண் வீட்டில் போய், மாப்பிள்ளைக்கு வலிப்பு என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் காதில் ஓதிவிட்டு வந்தது அவள். தோளில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஜெசிந்தாவிடம் வந்து அழுதாள்.

"அழாதீங்க டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. "அதனாலதான் அவரு எனக்கு வந்தாரு. நீங்க எனக்கு நல்லது பண்ணீங்களா கெடுதல் பண்ணீங்களான்னு நானே இன்னும் முடிவு பண்ணல."

பிறகு ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மேல் யாரும் ஏணியில் நிற்பதில்லை, கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் போவதில்லை, கைக்குழந்தையை இடது பக்கம் மாற்றிக்கொள்வார்கள். டெய்லர் ஜாக்கெட்டின் வலது தோளில் மட்டும் பஞ்சு வைத்துத் தைக்க ஆரம்பித்தார். அதைப் போட்டவள் ஒருபக்கம் தூக்கி நடந்தால், மற்றவள் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, ஓகோ என்று ஒரு எழுத்தை நீட்டிவிட்டுப் போனாள். உண்மையாகவே தோளில் சுளுக்குப் பிடித்தவன் யாரிடமும் காட்டமுடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தான். தோள்கள் சிலுவை சுமக்கவே படைக்கப்பட்டவை என்று பிரசங்கம் வைத்த புதுச் சாமியார், சனிக்கிழமைச் சாயங்காலம் மட்டும் அங்கிக்குள் வலது தோளில் ஜெபப்புத்தகத்தைச் சொருகியிருந்ததைப் பீடச் சிறுமிகள் பார்த்துவிட்டார்கள். வாயைத் திறக்காத, யாரோடும் சண்டை போடாத கஸ்பாருக்கு இத்தனை பேர் துரோகம் செய்திருக்கிறார்களா என்று ஊர் ஆச்சரியப்பட்டது. சண்டை போடாதவனுக்குத்தானே செய்யமுடியும் என்று ஜெசிந்தா சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் முற்றத்தில் ஆட்கள் பலாப்பழமும் கையுமாக வந்து நின்று, விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் மேல் அப்புறம் விழவில்லை. கஸ்பார் எல்லோரிடமும் "விடு" என்றார். ஜெசிந்தா பக்கத்தில் நின்று, சொன்னவர்களின் முகத்தைப் பார்த்தாள். பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தெரியாமல் என்ன. அவள் சொல்லாதது ஒன்று இருந்தது.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு, கஸ்பார் ரைபிளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனதும், அவள் அடுக்களைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, அவர் சேலத்திலிருந்து வாங்கிவந்த கைத்தறித் துண்டை நான்காக மடித்து வலது தோளில் ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, ஆட்டுக்கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடி நிற்பாள். வெடி கேட்கும். ஊரில் எங்கோ ஒரு அலறல் கேட்கும். அவள் தோளில் ஒன்றும் விழாது.

கஸ்பாருக்கு ஒரு தங்கை இருந்தாள், பெனடிக்டா. சேலத்தில் நர்சு படிக்கப் போனவள், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். வீடு அவளுக்குக் கதவை அடைத்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கஸ்பார் இல்லாத நேரத்தில் தபால் வந்தது. ஆறு மாசம், அண்ணா நீ மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று எழுதியிருந்தது. ஜெசிந்தாவுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். அதற்கு முந்தின மாதம்தான் மூன்றாவது தடவையாகக் கலைந்து, பெரிய டாக்டர் இனிமேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆறு மாசம் என்ற வார்த்தையை அவளால் இரண்டாம் தரம் படிக்கமுடியவில்லை. விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி ஒரு வரி எழுதக்கூட மனசில்லாமல் போய்விட்டாள் என்று கஸ்பார் அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குச் சொன்னபோது, அவள் கல்கல் பலகாரம் உருட்டிக்கொண்டே, ஆமாம் என்றாள்.

ஏழு சனிக்கிழமை துண்டோடு நின்றாள். ஏழு சனிக்கிழமையும் விழவில்லை. முதலில் மாதாவுக்கு நன்றி சொன்னாள். மூன்றாம் வாரம் நன்றியை நிறுத்தினாள். ஐந்தாம் வாரம் சந்தேகம் வந்துவிட்டது. எல்லைக்கல்லுக்கு விழுகிறது, விழுங்கின பெயருக்கு விழுகிறது, இதற்கு விழாதாமா? ஏழாம் வாரம் முடிந்து திங்கட்கிழமை டயர் கடைக்குப் போனாள்.

"இருதயம், அந்த ரப்பர் தேஞ்சுபோச்சா?"

"இன்னும் இருவது வருஷம் ஓடும்க்கா. ஏன்?"

"தப்புப் பண்ணின எல்லாருக்கும் விழுதா?"

அவன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவள் தோளைப் பார்த்தான். அவள் முறைத்ததும் தரையைப் பார்த்தான்.

"தப்புக்கு விழறதில்லக்கா, ஒளிக்கறதுக்குத்தான் விழுது. மார்ட்டின் அண்ணன் சொன்னதுக்கப்புறம் அவர் மேல விழலையே. சுடறவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் அதுல ஒளிக்க என்ன இருக்கு?"

வீட்டுக்கு நடக்கும் வழியில் மூன்று பேர் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், அவள் காதில் விழவில்லை. தெரியுமா? தெரிந்திருந்தால் எப்போதிலிருந்து? தெரிந்துகொண்டேதான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்படிச் சொன்னாரா, தன் வாயிலிருந்து ஆமாம் வருகிறதா என்று பார்த்தாரா? இருபத்திரண்டு வருஷமாக ஊரையே நிறுத்தி வைத்துச் சோதித்த கண்ணை அவள் முதல் தடவையாகத் தன் வீட்டுக்குள் திருப்பினாள். லைசென்ஸ் வேலை என்று வருஷத்துக்கு நாலு தரம் சேலம் போகிற மனுஷன். ஒரு துப்பாக்கிக்கு அத்தனை வேலையா? போய்வரும்போதெல்லாம் ஒரு துண்டு, ஒரு போர்வை, பொங்கலுக்கு ஒரு சேலை. கடைச்சீட்டு ஒட்டாத சேலை.

சனிக்கிழமை ஐந்தரைக்கு கஸ்பார் களத்தில் மிளகு காயவைத்ததைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அலமாரியைத் திறந்து ரைபிளை எடுத்தாள். லைசென்ஸ் அவள் பெயரில் இல்லை. அதைப் பார்க்கிற நிலையிலும் அவள் இல்லை. இருபத்தேழு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குக் குண்டு போடத் தெரியும். மேட்டுக்கு ஏறினாள். கட்டையைத் தோளில் வைத்தாள். குழிவு அவளுக்காகவே வெட்டின மாதிரி உட்கார்ந்தது. இதில் தன் முட்டியும்தானே பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வானத்தைப் பார்த்து விசையை இழுத்தாள்.

தலையணை மோதின அளவுகூட இல்லை. காடு அதிர்ந்தது, பன்றிகள் ஓடின, புகை கலைந்தது. அவள் காது கொடுத்து நின்றாள். ஊர்ப்பக்கம் சத்தமே இல்லை.

கீழே களத்திலிருந்து, "ஐயோ, சேசுவே!" என்று கஸ்பாரின் குரல் வந்தது.

அவள் இறங்கிப் போனபோது அவர் மிளகுக்கு நடுவில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையை விலக்கினாள். தகடு வைத்த தழும்பின் மேல் நாவல்பழ நிறத்தில் தடம், இரண்டு புள்ளிகளோடு. கையை மெல்லத் தூக்கச் சொன்னாள். தூங்கும் பிள்ளையின் கையைப் பார்ப்பது போல விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள். தகடு பிழைத்திருந்தது. அதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தன வருஷமா?"

அவள் பக்கத்தில் வைத்திருந்த ரைபிளை அவர் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒளிக்க இடமில்லை என்று தெரிந்துவிட்டது.

"லெட்டர் ரெண்டு வந்துச்சு ஜெசிந்தா. நீ ஒண்ணத்தான் எரிச்ச."

"ரெண்டாவது எங்க வந்துச்சு?"

"அந்த வருஷமே எலெக்‌ஷன் முடிஞ்சு துப்பாக்கி எடுக்கப் போனேன்ல, டேசன்ல. துப்பாக்கியோட சேத்து ஏட்டு லெட்டரையும் குடுத்தார். வீட்டுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன், அண்ணி குடுக்க மாட்டாங்க, அதான் இங்க போடறேன்னு எழுதியிருந்தா. உன்னப் பத்தி அவளுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல நீங்க."

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

"சண்ட போட்டிருப்பேன். அதுக்காவது உதவியிருக்கும்." அவள் குரல் உடைந்தது, அதை அவளே அதட்டி ஒட்டவைத்தாள். "ஆணா பொண்ணா?"

"பொண்ணு. இருபத்திரெண்டு ஆகுது. உன்ன மாதிரியே வாய்."

"என்ன மாதிரி எப்படி இருக்கும்? எனக்கும் அவளுக்கும் என்ன ரத்தமா?"

"நான் போறப்பல்லாம் உன்னப் பத்தித்தான் கேப்பா. சொல்லிச் சொல்லி, வந்துருச்சு போல."

அவள் உள்ளே போனாள். அன்று ஒத்தடத் தண்ணீர் தேவைக்கு மேல் சூடாக இருந்தது. அவர் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் பூசையில் ஊர் முழுக்க ஒருவர் தோளை ஒருவர் பார்த்தது, நேற்றைய வெடி யாருக்கு விழுந்தது என்று. யாரும் சொல்லவில்லை. ஒருவர்கூட அலறாத வெடி, எல்லோருக்கும் விழுந்த வெடியைவிட ஊரை அதிகமாகப் பயமுறுத்தியது. இப்போது எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். மார்ட்டின் மட்டும் அண்ணன் சட்டைக்குள் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி?" என்றான். "ஏணி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் இருவரும் மலையிறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் தோள் எதிலும் இடிக்காமல் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்து முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தாள், ஆனால் முகத்தை மட்டும் வெளியே திருப்பி வைத்திருந்தாள். மடியில் பலாப்பழம். வெள்ளிக்கிழமை தோறும் ஊர் அவள் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பழங்களில் ஒன்று. யார் கொடுத்தது என்று அவளுக்கு நினைவில்லை. வருகிறவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அம்மாப்பேட்டையில் தறிச்சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. மஞ்சள் கதவு. கஸ்பார் பின்னால் நின்றுகொண்டார். முதல் தடவையாக அவள் முன்னால் போய்த் தட்டினாள். தறி நின்றது. கதவைத் திறந்த பெண்ணுக்குக் கஸ்பாருடைய நெற்றி, இடுப்பில் கை, புருவம் தூக்கி ஆளைத் தலையிலிருந்து கால்வரை எடை போடுகிற பார்வை. பலாப்பழத்தைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள், அது அவள் வீட்டுத் தறியில் நெய்தது. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே குரல் கொடுத்தாள்.

"அம்மா, அத்தை வந்துட்டாங்க."

ஜெசிந்தா பலாப்பழத்தை நழுவவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மலை முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, ரைபிள் அலமாரிக்குள் பூட்டியிருந்தது, எங்கேயும் யாரும் சுடவில்லை.